ஆடும் பாவையும் நெய்யும் தறியும்

உயிரற்ற பொருள் உயிருள்ளதுபோல் அசையக் கண்டால் வியவாதார் இல்லை. திருவிழாக் கடைத்தெருவில், சாவி முடுக்கியதும் தாளந்தட்டும் குரங்குப் பொம்மையைச் சுற்றிச் சிறுவர் கூடுகின்றனர். அவர்களை வீட்டிற்கு அழைத்துச் செல்ல வந்த பாட்டனாரும் வந்த வேலையை மறந்து அங்கேயே நின்றுவிடுகிறார். குரங்கின் வயிற்றில் ஒரு தகட்டுச் சுருளும் நாலைந்து பற்சக்கரங்களுமே உள்ளன என்பதை அவர் அறிவார். அறிந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை.

இவ்வியப்பு மிகத் தொன்மையானது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் என்னும் மன்னன், கருவுற்றிருந்த தன் தேவி விசயை பகைவரிடமிருந்து தப்பிச் செல்லுமாறு, வானிற் பறக்கும் மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பெருங்கதையில் உதயணனைச் சிறைப்பிடிக்க விரும்பிய பிரச்சோதனன், யானை வடிவில் ஒரு பொறியைச் செய்வித்துக் காட்டில் விடுகிறான். அதன் வயிற்றினுள் படைவீரர் ஒளிந்திருக்கின்றனர். மயில் பறந்ததும் யானை நடந்ததும் புலவர் உள்ளத்தில். மரத்தையும் செம்பையும் கையிலெடுத்து, அவற்றை உண்மையாகவே அசையவும் இசைக்கவும் வைத்தவர்களின் வரலாறு அக்கற்பனைக்குச் சற்றும் குறைந்ததன்று. அதில் நகைப்பு உண்டு, புரட்டும் உண்டு, உழைப்பாளர் பலர் உணவிழந்த கதையும் உண்டு.

பிரான்சு நாட்டின் கிரெனோபிள் நகரில், கையுறை செய்து விற்கும் ஒருவருக்கு மகனாக 1709-ஆம் ஆண்டு பிறந்தவர் ஜாக் வோகான்சன். இளமையிலேயே கடிகாரங்களின் உள்ளுறுப்புகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றைப்போல் தாமும் செய்து பார்த்தவர் என்பர். 1738-ஆம் ஆண்டு அவர் பாரிசு மாநகரில் ஆளுயரப் பாவை ஒன்றைக் காட்சிக்கு வைத்தார். அப்பாவை குழலூதிற்று. அதன் உள்ளே இசைப்பெட்டி ஒன்றை மறைத்து வைத்துவிட்டு, குழலை வாயில் வெறுமனே பொருத்தியிருப்பார் என்றே வந்தவர்கள் முதலில் எண்ணினர். உண்மை அதுவன்று. பாவையின் மார்பினுள் துருத்திகள் இருந்தன. அவற்றினின்று காற்றுப் புறப்பட்டு வாய்க்கு ஏறியது. உதடுகள் குவிந்தும் விரிந்தும் அக்காற்றை அளந்து விட்டன. விரல்கள் குழலின் துளைகளை மூடியும் திறந்தும் பண்ணை எழுப்பின. மரவிரல்கள் துளைகளைச் சரியாக மூடவில்லை என்று கண்ட வோகான்சன், அவற்றின்மேல் தோலைப் போர்த்தினார். கையுறை வணிகரின் மகனுக்கு அது தோன்றியதில் வியப்பில்லை. பன்னிரண்டு இசைகளைப் பிழையின்றி ஊதிய அப்பாவையைப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தாரும் ஆராய்ந்து பாராட்டினர்.

குழலூதும் பாவையினும் பெரும்புகழ் பெற்றது அதனை அடுத்து அவர் செய்த வாத்து. பொன் முலாம் பூசிய செம்பு வாத்து அது. கழுத்தை நீட்டும், சிறகை அடிக்கும், நீரை அளையும், பார்ப்பவர் கையிலுள்ள தானியத்தைக் கொத்தி விழுங்கும். சிறிது நேரம் சென்றபின், உயிருள்ள வாத்து என்ன செய்யுமோ அதனையும் அவையறியச் செய்யும்! பெருமக்களும் பிரபுக்களும் கட்டணம் கொடுத்து இக்காட்சியைக் கண்டு களித்தனர். வாத்தின் வயிற்றில் உணவு செரிக்கிறது என்று வோகான்சன் சொல்லிக்கொண்டார். பிற்காலத்தார் ஆராய்ந்தபோது, விழுங்கிய தானியம் ஓரிடத்தில் தங்கிவிடுவதும், பின்னால் வெளிப்படுவது முன்னரே அடைத்து வைத்த வேறொரு பொருள் என்பதும் புலனாயின. குழலூதி உண்மையானவன், வாத்தோ பாதி பொய்யானது. ஆயினும் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது வாத்தைத்தான்.

வாத்தின் புகழ் அரசவையை எட்டியது. இத்துணை நுட்பம் வல்ல ஒருவரைப் பொம்மை செய்யவிட்டு வீணாக்குவதா என்று அரசியலார் எண்ணினர் போலும். 1741-ஆம் ஆண்டு அவரைப் பட்டு நெசவுத் தொழிலின் மேற்பார்வையாளராக அமர்த்தினர். பிரெஞ்சுப் பட்டுக்குப் பேர்போன நகரம் லியோன். அங்கே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தறியை நம்பி வாழ்ந்தன. வோகான்சனின் முயற்சியால் பிறந்த புதிய நெசவு விதிகள் பெருவணிகர்க்கே துணையாவன என்று கண்ட நெசவாளர், 1744-ஆம் ஆண்டு கொதித்தெழுந்தனர். நகரமே அவர்கள் கைக்குள் வந்தது. பாரிசில் மாலை மரியாதைகளோடு வாழ்ந்த பொம்மைக் கலைஞர், துறவியின் உடையில் மறைந்து லியோனைவிட்டு ஓட நேர்ந்தது என்பர்.

அவர் சும்மா இருக்கவில்லை. மறு ஆண்டே, பூவேலைத் துணியைத் தானே நெய்யும் தறி ஒன்றைச் செய்து முடித்தார். துளைகளிட்ட உருளை ஒன்று எந்த இழை மேலெழ வேண்டும், எது கீழே நிற்க வேண்டும் என்பதைத் தேர்ந்து கொடுக்கும். குதிரையோ எருதோ கழுதையோ செக்கைச் சுற்றுவதுபோல் சுற்றினால் போதும். கைதேர்ந்த நெசவாளரினும் அழகாகத் துணி வரும் என்று அதனைப் பற்றி அந்நாளில் அறிவிக்கப்பட்டது. கழுதையைக் குறிப்பிட்டதில், தம்மை விரட்டியவர்மீது அவருக்கிருந்த சினமும் கலந்திருக்கலாம். நெசவாளரைக் கேட்டால், அது சினம் அன்று, இழிவு என்றே சொல்லியிருப்பர். அத்தறி அப்பொழுது எவராலும் ஏற்கப்படவில்லை. பாரிசில் ஒரு மூலையில் தூசு படிந்து கிடந்தது. அதன் கதை அவ்வளவில் முடியவில்லை என்பது பின்னர் விளங்கும்.

வாத்தில் பாதிப் பொய் என்றால், முழுப் பொய்யால் ஐரோப்பாவை எண்பது ஆண்டுகளுக்கு மேல் மயக்கிய பாவை ஒன்றும் உண்டு. அதனை ஆக்கியவர் கெம்பலன் என்னும் ஹங்கேரியப் பெருமகனார். 1770-ஆம் ஆண்டு வியன்னாவில் மரியா தெரேசா பேரரசியின் முன்னிலையில் அதைக் கொணர்ந்து நிறுத்தினார். துருக்கியர்போல் தலைப்பாகை அணிந்த பாவை ஒரு பெட்டியின் பின் அமர்ந்திருந்தது. பெட்டியின்மேல் சதுரங்கப் பலகை. பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மெழுகுவத்தி ஒளியில் உள்ளே இருக்கும் சக்கரங்களைக் கெம்பலன் காட்டுவார். பின்னர்ச் சாவி கொண்டு முடுக்குவார். பாவை தன் இடக்கையை நீட்டிக் காய்களை நகர்த்தும். எதிரே அமர்ந்தவர் பெரும்பாலும் தோற்றே எழுவார். நெப்போலியன் 1809-இல் அதனோடு ஆடினார். அவர் வேண்டுமென்றே முறைதவறிக் காய் நகர்த்த, பாவை பலகையிலிருந்த காய்களையெல்லாம் கையால் வாரித் தள்ளிவிட்டது என்று கதை வழங்குகிறது.

பிரச்சோதனனுடைய யானையைப் போன்றதே இத்துருக்கனும். பெட்டிக்குள் சதுரங்கத்தில் வல்லவர் ஒருவர் உடலை ஒடுக்கி அமர்ந்திருந்தார். ஒரு கதவு திறக்கும்போது நகரும் இருக்கையில் மறுபுறம் ஒதுங்குவார். அது மூடியதும் இப்புறம் வருவார். காய்களுள் காந்தம் இருந்தமையால், எந்தக் காய் நகர்ந்தது என்பதைப் பலகையின் அடியில் இருந்தே அவர் அறிந்துகொள்வார். உள்ளே எரியும் மெழுகுவத்தியின் புகையில் மூச்சுத் திணற, முதுகு வளைந்து, அரசரையும் அறிஞரையும் வென்ற அம்மனிதர்க்குக் கைதட்டு ஒன்றும் கிட்டவில்லை. வெற்றிப் புகழ் அனைத்தும் மரப்பாவைக்கே சென்றது. பல நாடுகள் சுற்றிக் கைமாறிய துருக்கன், 1854-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் தீக்கு இரையாயினான்.

பொய்யான இப்பொறியிலிருந்து மெய்யான ஒரு பொறி பிறந்ததுதான் விந்தையிலும் விந்தை. 1784-ஆம் ஆண்டு கோடையில், எட்மண்டு கார்ட்ரைட் என்னும் ஆங்கிலப் பாதிரியார் மாட்லாக் என்னும் ஊரில் மான்செஸ்டர் நகரத்தார் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தார். நூற்கும் இயந்திரங்கள் பெருகிவிட்டன. அவை தரும் நூலையெல்லாம் நெய்து முடிக்க ஆள் ஏது என்று பேச்சு எழுந்தது. நெய்வதற்கும் இயந்திரம் செய்யலாமே என்றார் பாதிரியார். அது நடவாத செயல் என்று மற்றவர் அடித்துக் கூறினர். இலண்டனில் அண்மையில் சதுரங்கம் ஆடும் பாவையொன்றைக் காட்டினார்களே. அத்தனை வகையான ஆட்டங்களையும் ஒரு பொறி ஆடுமானால், மூன்றே அசைவுகளை உடைய நெசவு அதற்கு அரிதாகுமோ என்று கேட்டார் கார்ட்ரைட். பெட்டிக்குள் ஆள் இருந்ததை அவர் அறியார்! அறிந்திருந்தால் அன்றே வாயடைத்திருப்பார். அறியாமையால் துணிவு கொண்டு, தறியையே நன்கு பார்த்தறியாத அவர் வேலையைத் தொடங்கினார். அவர் செய்த முதல் தறியை இயக்க வலிமை மிக்க இருவர் வேண்டியிருந்தது. அதுவும் சிறிது நேரந்தான். ஆயினும் 1785-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்வந்தோர் திருத்தத் திருத்த, அதுவே நீராவியால் ஓடும் விசைத்தறியாக வளர்ந்தது.

அவ்விசைத்தறியின் ஓசை கடல் கடந்து கேட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லங்காஷயர் ஆலைத்துணி இந்தியத் துறைமுகங்களில் வந்து குவிந்தது. கைத்தறி ஒன்றையே செல்வமாகக் கொண்டிருந்த தமிழ்நாட்டு நெசவாளர் பலர் தொழிலிழந்து, உழவுக் கூலிக்கும் கடல்கடந்த தோட்டங்களுக்கும் சென்றனர். அவர்கள் தறிக்குழியைத் தூர்த்துவிட்டுப் புறப்பட்ட காலத்தில், வியன்னாவில் பேரரசியை மகிழ்விப்பதற்காகச் செய்யப்பட்ட ஒரு பொம்மைக்கும் தங்கள் விதிக்கும் தொடர்பு உண்டென்று யாரேனும் சொல்லியிருந்தால், பித்தர் என்றே அவரை நினைத்திருப்பர். துருக்கன் ஒருவனால்தான் விசைத்தறி வந்தது என்று சொல்வது மிகை. அவன் இல்லாவிடினும் வேறொரு வழியில் அது வந்தே இருக்கும். ஆனால், வந்த வழி அதுதான்.

வோகான்சனுடைய தூசு படிந்த தறிக்கும் ஒரு நாள் விடிந்தது. லியோன் நெசவாளர் ஒருவரின் மகனான ஜக்கார்டு என்பவர், பாரிசுத் தொழிற்கலைக் காட்சிச்சாலையில் அதனைக் கண்டார். அதன் நுட்பத்தையும், வேறு சிலர் முன்னரே கண்டிருந்த துளையட்டை முறையையும் இணைத்து, 1804-இல் புதிய நெசவுப்பொறியைச் செம்மை செய்தார். பூவின் வடிவம் அட்டைகளில் துளைகளாக அமைந்தது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். இல்லாத இடத்தில் தடைப்படும். அதற்கேற்ப இழைகள் எழும் அல்லது நிற்கும். முன்பு தறியின் பக்கத்தில் நாள் முழுவதும் அமர்ந்து கயிற்றை இழுத்து ஓய்ந்த சிறுவரின் வேலை அவ்வட்டைகளுக்குப் போயிற்று. அச்சிறுவர்க்காக ஒருவரும் கண்ணீர் விட வேண்டியதில்லை. இன்றும் காஞ்சிபுரத்து நெசவாளர் தம் தறியின்மேல் ஏற்றியிருக்கும் கருவியை ஜக்கார்டு என்றே அழைக்கின்றனர். சேலையின் கரையில் ஓடும் அன்னத்தையும் மயிலையும், கோத்துத் தொங்கவிட்ட அட்டைகளே வரிசை தவறாமல் எடுத்துக் கொடுக்கின்றன.

இந்த அட்டையைக் கண்டு மனம் பறிகொடுத்தவருள் ஒருவர் இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ். அவர் கதை ஒரு வெள்ளிப் பாவையில் தொடங்குகிறது. இலண்டனில் மெர்லின் என்பவர் பொறிக் காட்சிச்சாலை ஒன்று நடத்தி வந்தார். அவர் ஒரு விநோதப் பிறவி. காலில் உருளைகளைக் கட்டிக்கொண்டு, பிடில் வாசித்தவாறே ஒரு விருந்துக் கூடத்தில் வழுக்கிச் சென்று, நிற்கும் வழி அறியாமல் விலைமிக்க கண்ணாடியில் மோதி அதை உடைத்து, தாமும் காயமுற்றார் என்று அவரைப் பற்றிச் சொல்வர். சிறுவன் பாபேஜைத் தாயார் அக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றார். சிறுவனின் ஆர்வத்தைக் கண்ட மெர்லின், பிறர்க்குக் காட்டாத மேல்மாடிப் பட்டறைக்கே அவனை இட்டுச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஒரு அடி உயரமுள்ள வெள்ளி நாட்டியப் பாவை ஒன்று இருந்தது. அதன் ஆள்காட்டி விரலில் ஒரு பறவை வாலை ஆட்டிற்று. சிறகடித்து அலகு திறந்தது. பாவையின் கண்களில் இருந்த உயிர்க்களையை அவன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

மெர்லின் மறைந்தார், பாவை எங்கோ ஒரு பரணில் கிடந்தது. 1834-ஆம் ஆண்டு அது ஏலத்துக்கு வந்தபோது, புகழ்பெற்ற பேராசிரியராய் விளங்கிய பாபேஜ் 35 பவுனுக்கு அதனை வாங்கினார். தம் கையாலேயே பழுது நீக்கி, ஆடை அணிவித்து, வரவேற்பறையில் நிறுத்தினார். அடுத்த அறையில் மற்றொரு பொருள் இருந்தது. பெரும் பொருட்செலவில், பல்லாண்டு உழைப்பில், முற்றுப்பெறாமல் நின்றுபோன அவருடைய கணிப்பொறியின் ஒரு பகுதி அது. வாய்ப்பாடுகளைப் பிழையின்றித் தானே கணக்கிட வல்லது. சனிக்கிழமை மாலைகளில் இலண்டனின் பெருமக்கள் அவர் இல்லத்தில் கூடுவர். வெள்ளிப் பாவையைச் சுற்றி ஆங்கிலேயர் நெருங்கி நின்று மகிழ்ந்தனர். கணிப்பொறியின் அருகே வெளிநாட்டார் ஓரிருவர் மட்டுமே நின்று ஆராய்ந்தனர் என்று பாபேஜ் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார்.

அவர் வருத்தம் நேரியதே. ஆனால், அவையோர்மீது முழுக்குற்றமும் சுமத்துவது நடுவுநிலை ஆகாது. பாவையை நடுவில் வைத்தவர் அவரே அன்றோ? இளமையில் அதன் விழியில் மயங்கியவரும் அவரே. துருக்கனோடு 1820-இல் சதுரங்கம் ஆடித் தோற்றவரும் அவரே. அவன் பொறியன்று என்று ஐயுற்றாலும், ஆட்டம் ஆடவல்ல பொறி இருக்க முடியுமா என்ற வினா அவரை விட்டகலவில்லை. அவர் பிற்பாடு கருதிய பெரும்பொறிக்கு ஜக்கார்டின் அட்டைகளையே கட்டளையிடும் கருவியாகக் கொண்டார். பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றைத் தேடிப் பெற்று வீட்டில் மாட்டியிருந்தார். அதனை நெய்வதற்கு 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. பார்த்தவர் அதை அச்சிட்ட ஓவியம் என்றே கருதினர். அப்பெரும்பொறி அவர் காலத்தில் உருப்பெறவில்லை. எனினும் இன்றைய கணிப்பொறியின் வழிமரபை எழுதுவோர், பாபேஜையும் ஜக்கார்டையும் கடந்து செம்பு வாத்து வரை செல்ல வேண்டியவர் ஆகின்றனர்.

ஐரோப்பாவில் இவ்வாறிருக்க, கிழக்கே ஜப்பானில் பாவைக்கலை வேறொரு பண்போடு வளர்ந்தது. அங்குள்ள தேநீர்ப் பாவை மிக அடக்கமானது. கையிலுள்ள தட்டில் கிண்ணத்தை வைத்தால், தலையை ஆட்டிக்கொண்டு விருந்தினரை நோக்கி மெல்லச் செல்லும். அவர் கிண்ணத்தை எடுத்தவுடன் நிற்கும். எவ்வளவு நேரமாயினும் காத்திருக்கும். குடித்து முடித்துக் கிண்ணத்தை மீண்டும் வைத்ததும் திரும்பி, வந்த வழியே போய்விடும். எடையின் ஏற்றத்தாழ்வே அதற்குக் கட்டளை. எஃகுச் சுருளுக்கு மாறாகத் திமிங்கிலத்தின் வாயிலுள்ள வளையும் தகட்டையே வில்லாக அமைத்தனர். 1796-இல் வெளிவந்த நூலொன்று அதன் உறுப்புகள் அனைத்தையும் படத்துடன் விளக்குகிறது. தொழில் மறைவை மறைத்து வைத்த கெம்பலனுக்கும், அதை நூலாக எழுதி ஊரறியச் செய்த ஜப்பானியர்க்கும் உள்ள வேறுபாடு எண்ணத்தக்கது.

அந்நாட்டில் பாவை செய்வதில் முதல்வராக மதிக்கப்பட்டவர் 1799-இல் பிறந்த தனக்கா ஹிசஷிகே. அம்பெய்யும் சிறுவன் அவர் படைப்புகளுள் சிறந்தது. சிறுவன் அம்பை ஒவ்வொன்றாக எடுத்து, நாணில் பூட்டி, குறி நோக்கி எய்வான். எல்லா அம்பும் குறியில் பட்டால் மக்கள் சலிப்படைவர் என்று, ஓர் அம்பு தவறுமாறும் அமைத்திருந்தனர் என்பர்! அதே கைகள் பின்னர் வியத்தகு கடிகாரம் ஒன்றை இயற்றின. நீராவி வண்டியின் மாதிரியைச் செய்து ஓட்டின. முதுமையில், 1875-இல், டோக்கியோவில் தந்திக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கின. தொஷிபா என உலகறிந்த தொழில் நிறுவனத்தின் வேர்களுள் ஒன்று அப்பட்டறையே.

இவ்வளவு காலமும் இப்பொறிகளுக்கு உலகப் பொதுவான பெயர் ஒன்று இல்லை. அதனை அளித்தவர் செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக். அவர் 1920-இல் எழுதி, 1921 ஜனவரியில் பிராகு நகரில் மேடையேறிய நாடகத்தில், தொழிற்சாலையில் வார்த்தெடுக்கப்பட்ட செயற்கை மாந்தர் வருகின்றனர். அவர்களுக்கு என்ன பெயரிடலாம் என்று அவர் தடுமாறியபோது, ஓவியரான தமையனார் ஜோசப் 'ரோபோ' என்னும் பெயரைத் தந்தார். செக் மொழியில் 'ரோபோத்தா' என்பது, குடியானவர் நிலவுடைமையாளர்க்குக் கூலியின்றிச் செய்தாக வேண்டிய வேலை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' என்னும் சொல்லும் அத்தகைய வேலையையே குறிக்கும். பயனற்ற வேலையை இன்று வெட்டிவேலை என்கிறோரே, அச்சொல்லின் பழைய வரலாறு அத்துணைக் கசப்பானது. தமிழில் அந்நாடகத்தை அன்றே எவரேனும் எழுதியிருந்தால், அதன் மாந்தரை 'வெட்டியாள்' என்றே அழைத்திருப்பர். சாப்பெக்கின் நாடகத்தில் அவ்வாட்கள் இறுதியில் கிளர்ந்தெழுந்து மனித இனத்தையே அழித்துவிடுகின்றனர். லியோன் நெசவாளர் பொறிக்கு அஞ்சினர். சாப்பெக்கோ பொறியையே லியோன் நெசவாளராக்கிக் காட்டினார்.

இந்த அடிமைப் பாத்திரம் ஜப்பானிய உயிரியல் அறிஞர் நிஷிமுரா மகொத்தோவின் மனத்தை உறுத்தியது. மனிதனை ஒத்த ஒன்றைப் படைத்துவிட்டு, அதனை ஏவலாளாக்குவது தகுமோ என்று அவர் எண்ணினார். 1928-இல் கியோத்தோ நகரில் அவர் காட்டிய பெரும்பாவையின் பெயர் கக்குதென்சோக்கு. இயற்கையின் விதிகளினின்று கற்பது என்பது அதன் பொருள். உழைப்பு எதனையும் அது செய்யவில்லை. காற்றழுத்தத்தால் இயங்கிய அதன் முகம் மெல்ல மலர்ந்தது, கண்கள் அசைந்தன, ஒரு கையில் விளக்கையும் மறு கையில் எழுதுகோலையும் தாங்கி, ஆழ்ந்து சிந்திக்கும் ஞானிபோல் வீற்றிருந்தது. ஊர் ஊராகச் சென்ற அப்பாவை பின்னர்க் காணாமற் போயிற்று. 2008-இல் ஒசாக்கா அறிவியற் காட்சிச்சாலையார் அதனைப் போன்றதொன்றை மீண்டும் அமைத்தனர்.

அமெரிக்காவில் பிறந்த எலெக்ட்ரோவுக்கு ஞானம் ஒன்றும் தேவைப்படவில்லை. 1939-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தார் நிறுத்திய ஏழடி உலோக மனிதன் அவன். நாளைய உலகம் இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதே அக்கண்காட்சியின் நோக்கம். நாளைய மனிதன் என்ன செய்தான்? விரல்விட்டு எண்ணினான்; பலூன் ஊதினான்; சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறிந்தான்; புகைச்சுருட்டும் பிடித்தான்! எழுநூறு சொற்கள் பேசினான். அவை இசைத்தட்டில் முன்பே பதிந்தவை. சொல்வதைக் கேட்டு நடப்பதாக அவனைப் புகழ்ந்தனர். உண்மையில் அவன் சொற்களைக் கேட்கவில்லை; ஒலித்துடிப்புகளை எண்ணினான். இத்தனை துடிப்புக்கு நட, இத்தனைக்கு நில் என்பதே ஏற்பாடு. நட என்பதற்கு மாறாக வேறெந்தச் சொல்லை அதே அளவில் உரைத்தாலும் அவன் நடந்திருப்பான். மறு ஆண்டு அவனுக்குத் துணையாக ஸ்பார்க்கோ என்னும் உலோக நாயும் வந்து சேர்ந்தது. அது குரைத்தது, பின்னங்கால்களில் அமர்ந்து கெஞ்சியது. நாட்டில் எத்தனையோ நாய்கள் அதை இலவசமாகவே செய்துகொண்டிருந்தன. எனினும் மக்கள் அலை அலையாய் வந்தனர். போர் மூண்டதும் எலெக்ட்ரோவின் பெருமை குன்றியது. உடல் ஓரிடமும் தலை ஓரிடமுமாகப் பிரிந்து கிடந்த காலமும் உண்டு. இன்று அவன் பிறந்த மான்ஸ்பீல்டு நகரக் காட்சிச்சாலையில் முழு உருவோடு நிற்கிறான்.

மெய்யாகவே உழைத்த முதல் ரோபோவைப் பார்க்க எவரும் கட்டணம் கொடுத்திருக்கமாட்டார். யூனிமேட் என்னும் அதற்கு முகம் இல்லை; கால் இல்லை. பெரிய பெட்டியினின்று நீண்ட ஒற்றைக் கை மட்டுமே. ஜார்ஜ் டெவோல் கண்ட நுட்பத்தை ஜோசப் எங்கல்பெர்கர் தொழிலாக வளர்த்தார். 1961-இல் அமெரிக்க மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றில் அது வேலைக்கு அமர்ந்தது. அச்சிலிருந்து வெளிவரும் கொதிக்கும் உலோக வார்ப்புகளை எடுத்து வைப்பதே பணி. தொழிலாளரின் கையைச் சுட்டு, நுரையீரலைக் கெடுத்து வந்த வேலை அது. இருந்தும் பிற தொழிற்சாலையார் அதனை வாங்க எளிதில் முன்வரவில்லை. 1966-இல் எங்கல்பெர்கர் அதனைத் தொலைக்காட்சிக்கு அழைத்துச் சென்றார். அங்கே அது கோல்ப் பந்தைத் தட்டிக் குழியில் விழச் செய்தது. கோலை வீசி இசைக்குழுவை நடத்தியது. உலைக்களத்தில் உழைத்தபோது கிட்டாத கைதட்டு, பந்தைத் தட்டியபோது கிட்டிற்று.

அவர் பேச்சை ஊன்றிக் கேட்டவர்கள் ஜப்பானியர். 1968-இல் கவாசாகி நிறுவனத்தார் அவரோடு உடன்படிக்கை செய்து, மறு ஆண்டே தம் நாட்டில் அப்பொறியைச் செய்யத் தொடங்கினர். பின்வந்த ஆண்டுகளில் ஜப்பானியத் தொழிற்சாலைகளில் எந்திரக் கைகள் வரிசை வரிசையாய் நின்றன. அவற்றோடு பணியாற்றிய தொழிலாளர் எண்ணைச் சொல்லி அவற்றைக் குறிப்பதில் நிறைவு காணவில்லை. மக்கள் விரும்பிய பாடகியர், நடிகையர் பெயர்களை ஒவ்வொன்றுக்கும் சூட்டி, படங்களையும் ஒட்டி வைத்து, காலையில் வேலைக்கு வந்ததும் அப்பெயராலேயே அழைத்து வந்தனர்.